மூன்றாம் அறைக்கு ஒரு ஜன்னல்

வந்து நின்றவர்கள்: முதல் அறை மீரான் பாய், இரண்டாம் அறைச் சலவைக்கார ராமசாமி, மூன்றாம் அறை வேலு, வரிசையின் கடைசியில் என் அப்பா. வராதவள் ஒருத்திதான், வேலுவின் மனைவி அஞ்சலை. நிறைமாதம். அவளை அப்பாவே கிணற்றடி விறகுக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டார்.

எதற்கு இந்த அணிவகுப்பு என்கிறீர்களா? போன புதன்கிழமை காலை, எங்கள் வீட்டைப் பார்க்கச் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார்!

அப்பா ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருஷம் பால்மரம் சீவியவர். சிறுகச் சிறுகச் சேர்த்து, ஜொகூர் பாரு ஓரத்தில் ஒரு பலகை வீடு வாங்கி, மூன்று அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார். மூன்றாவது, சாமான் போட ஜன்னலில்லாமல் கட்டிய அறை. வேலுவும் அஞ்சலையும் இடம் தேடி அலைவதைப் பார்த்து, "பிள்ளைத்தாய்ச்சி, எங்க போவா?" என்று அவரே கூப்பிட்டு, பாதி வாடகைக்குக் கொடுத்தது.

அங்கேதான் வந்தது வினை. குடியிருக்கும் அறைக்கு ஜன்னல் வேண்டும். இரண்டு வாரத்தில் வைக்காவிட்டால் அறையைப் பூட்டியாக வேண்டும் — நோட்டீஸ் இங்கிலீஷில் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கணீரென்று படித்தேன். அர்த்தமும் சொன்னேன். பிறகு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். படித்தவனுடைய கடமை முடிந்ததல்லவா?

அப்பா அந்த இரண்டு வாரமும் சும்மா இருக்கவில்லை. வீடு முழுவதும் சுண்ணாம்பு அடித்தார்!

"ஜன்னல்னுதானேப்பா எழுதியிருக்கு?" என்றேன்.

"எத்தன தொரையப் பார்த்தவன் நான். வெள்ளையாத் தெரிஞ்சா போதும், பேசாமப் போயிருவாங்க. நீ சும்மா இரு."

அவர் கண்ட உலகம் அது. தோட்டத்தில் பெரிய துரை வருகிறார் என்றால் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களுக்குச் சுண்ணாம்பு. பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க வேண்டும். நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் கண்ணில் படக் கூடாது. "எல்லாரும் சௌக்கியமா?" என்றால் "சௌக்கியம் தொரை!" — ஒரே குரல்.

புதன்கிழமையும் அப்படித்தான். விடிந்ததும் அப்பா எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினார்.

"பேர் கூப்பிடறீங்க, சரி. கூலி எப்ப அண்ணே?" என்றார் மீரான் பாய். ரொட்டிக் கடையைத் திறக்க நேரமாகிறது என்ற எரிச்சல் அவருக்கு.

"வாய மூடு பாய். வந்துட்டாரு!"

வந்தவர் சைக்கிளில் வந்த மலாய் இளைஞர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். வரிசையைப் பார்த்துத் திகைத்துப் போனார். பிறகு மலாயில் கேட்டார்: "வீட்டுக்காரர் யார்?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவோ, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நேர் எதிரே பார்த்தபடி கைகட்டி நிற்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் தாம்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை!

"இவர்தான், துவான்... என் அப்பா," என்றேன்.

இன்ஸ்பெக்டர் மூன்றாம் அறைக்குள் போனார். பட்டப் பகல். தீக்குச்சி கிழித்தார். அணைந்தது. இன்னொன்று கிழித்தார். இருட்டில் அடித்த சுண்ணாம்பு வெள்ளையா கறுப்பா, யார் கண்டார்?

"இங்கே குடியிருப்பவருக்கு ஏதாவது குறை உண்டா?"

நான் தமிழில் கேட்டேன். வேலு அப்பாவைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க. சௌக்கியம்," என்றான்.

"பொய்யி!"

கொட்டகைப் பக்கமிருந்து குரல். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அஞ்சலை மெல்ல நடந்து வந்தாள்.

"காத்தே இல்ல தம்பி. படுத்தா மூச்சு முட்டுது. பாதி நாளு வாசப்படியில உக்காந்துதான் தூங்கறேன். சொல்லுங்க அவருகிட்ட."

சொன்னேன். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, புள்ள?"

"சொன்னா காலி பண்ணச் சொல்லிருவீங்களோன்னு பயம் மாமா."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருஷம் இதே பயத்தோடு "சௌக்கியம் தொரை" சொன்னவர். இன்று தம்மிடமே ஒருத்தி அப்படிப் பயந்திருக்கிறாள்... அவருக்குப் புரிந்தது. எனக்கும்தான். நோட்டீசைப் படித்த நானும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன். அதற்கு மேல் முடியாது, பூட்டத்தான் வேண்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானமே ஆசாரி வந்தான். பலகையில் எங்கே கோடு போடுவது என்று கேட்டான். அப்பா அஞ்சலையைக் கூப்பிட்டார்.

"நீ எங்கம்மா படுப்ப? தல எந்தப் பக்கம்?"

அவள் வெட்கத்தோடு பாயை விரித்துக் காட்டினாள். தலைமாட்டிலிருந்து ஒரு முழ உயரத்தில் கோடு போடச் சொன்னார்.

"அண்ணே, இது ஜன்னலா, பூனை வர்ற வழியா?" என்றார் பாய்.

"படுக்கறவளுக்குத்தானே காத்து வேணும், பாய்? நீ ஏன் நின்னுக்கிட்டுப் பாக்கற?"

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் குனிந்து உட்கார்ந்து அளந்தார். அகலமும் நீளமும் சரி. எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று நோட்டீசில் இல்லை! சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை அப்பா தலைப்பாகையைக் கழற்றவில்லை. அஞ்சலையோ அவர் வந்ததும் தெரியாமல், போனதும் தெரியாமல், ஜன்னலுக்கு நேரே முகத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆக மொத்தம் பதினொரு வெள்ளி இருபது காசு. எட்டு வெள்ளி ஜன்னலுக்கு. மூன்று வெள்ளி இருபது காசு சுண்ணாம்புக்கு... அதாவது, அவளைக் கேட்காமல் இருந்ததற்கு.