ரோஸ் சேர்

"இது என்னுது இல்ல!" என்று அந்தப் பெண் கத்தினாள். முதல் சாம்பிளே ரிஜெக்ட். கஸ்டமருக்கு வயது நாலு.

ஒரகடத்தில் கார் பம்பர் செய்யும் கம்பெனியில், ரீவொர்க் ஸ்டேஷனில் நின்றே என் காலம் போனது. கீறலோ மங்கலோ, "கஸ்தூரிகிட்ட தள்ளு" என்பார்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன், என் கையை விட்டுப் போன பம்பர் திரும்பி வந்ததில்லை. வேலையை விட்ட பிறகு வல்லக்கோட்டை ரோட்டில் சிநேகிதி ஒருத்தியோடு ஷெட் போட்டேன். வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக்குக்கு நிறம் கொண்டுவருவது தொழில். ஷெட் இருந்தது, வேலைதான் வரவில்லை.

கடைசியில் ஒரு கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் கூப்பிட்டார்கள். முற்றத்தில் கிடந்த குட்டி நாற்காலிகளும் சறுக்குமரமும் வெளுத்துப்போய், தொட்டால் கையில் மாவாக ஒட்டின. காப்பகப் பொறுப்பாளர் ஸ்டெல்லா கறாரானவர்.

"ஒண்ணு செஞ்சு காட்டுக்கா. புடிச்சிருந்தா எல்லாத்தையும் குடுக்கறேன். இல்லன்னா பழைய சாமான்காரன வரச்சொல்லிடுவேன்" என்றார்.

பெயின்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த பிளாஸ்டிக்கில் அது நிற்காது. உரியும், பிள்ளைகள் வாயில் போடும். ஒரு நாற்காலியைக் கழுவி, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து நனைத்து வெளுத்த மேல்தோலைத் தேய்த்து எடுத்தேன். காய்ந்ததும் அனல்காற்று ஊதும் ஹீட் கன்னை அதன்மேல் ஓட்டினேன். ஓரிடத்தில் நிறுத்தினால் உருகிச் சுருண்டுவிடும், கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பு எழுந்து வந்தது பாருங்கள், கோவைப்பழம் தோற்றது! ஸ்டெல்லாவே வாயைப் பிளந்தார்.

அப்போதுதான் யாழினி வந்து கத்தினாள். காப்பகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அந்த நாற்காலியில்தான் உட்காருவாளாம்.

"என்னுது ரோஸு. இது செவப்பு. என் ரோஸு எங்க?"

வெளுத்த சிவப்பைத்தான் ரோஸ் என்று பார்த்துப் பழகியிருக்கிறாள். "இதான்டி அதோட சொந்தக் கலரு" என்றேன். அழுகை கூடியது. மற்ற பிள்ளைகளும் தங்கள் நாற்காலிகளைக் கட்டிக்கொண்டார்கள்.

"கொயந்தைங்க உக்காரலன்னா பளபளன்னு வெச்சிகினு நான் இன்னாக்கா பண்றது? வுட்டுடலாம்" என்றார் ஸ்டெல்லா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பம்பர் கம்பெனி லைனில் ரிஜெக்ட் என்றால் காரணம் கேட்காமல் விடமாட்டோம். யாழினி சொன்னதை மறுபடி யோசித்தேன். கலர் நன்றாக இல்லை என்று அவள் சொல்லவே இல்லை. ரோஸ் எங்கே என்றுதான் கேட்டாள்.

அவள் கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போனேன். நாற்காலியைத் தேய்த்த தண்ணீர் பக்கெட்டில் அப்படியே இருந்தது, ரோஸ் மில்க் நிறத்தில்.

குனிந்து பார்த்தாள். "இங்க கீது!" என்றாள். அழுகை நின்றுவிட்டது. நேராகப் போய்ச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஒரு பையன் தன் மஞ்சள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். "ஆன்ட்டி, என்னுதுலயும் எடுத்துக் காட்டு!"

"எல்லாத்தையும் செஞ்சுடுக்கா" என்று ஸ்டெல்லா சிரித்தபடி சறுக்குமரத்தையும் சேர்த்துக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று எங்கள் ஷெட்டுக்கு வேலைக்கு வரும் பெண்களுக்கு, ஹீட் கன் பிடிக்கக் கற்றுத்தருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்: நாற்காலிக்குச் சொந்தக்காரர் வந்து பார்க்கும்வரை பக்கெட்டைக் கவிழ்க்காதே.