சஜ்தாவிலிருந்து எழும்போது

வாப்பா முதலில் விழுந்தது பள்ளிவாசலில்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், ஒரு நோன்பு மாதம். அசர் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்து வணங்கும் சஜ்தாவிலிருந்து எழுந்து நின்றவர், பக்கத்தில் நின்றவர்மேல் அப்படியே சாய்ந்துவிட்டார். நோன்புக் களைப்பு என்றார்கள். பெருநாள் கழிந்த பிறகும் விழுந்தார். சாப்பிட்டு எழுந்தால் தள்ளாடினார். பம்பாய் தாராவியில் எங்களுக்குத் தோல் கிடங்கு இருந்தது. ஒருநாள் அங்கேயே சிறுநீர் அடங்காமல் கைலி நனைந்துவிட்டது. அதைப் பார்த்த வேலையாள் ஒருவன், "சேட் பீத்தா ஹை" என்று சொல்லிவைத்தான். முதலாளி குடிக்கிறாராம். இரண்டே நாளில் தெரு முழுக்கப் பரவியது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு மத்தியானம் அவரைத் தூக்கிவிடும் சாக்கில் வாயை மோந்து பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நல்லா மோந்து பாரும்மா" என்று வாயைத் திறந்து காட்டினார்.

தெரு டாக்டர், பிரஷர் அதிகம், உப்பைக் குறையுங்கள் என்றார். உம்மா உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சினாள். விழுவது இன்னும் கூடியது. தகரப் பெட்டிமேல் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், இறக்கிவிடுங்கள் என்றும் வாப்பா சொல்ல ஆரம்பித்தார். பெட்டிமேல் யாரும் இல்லை.

கடைசியில் உம்மாவும் நானும் அவரை மாட்டுங்காவில் ஒரு வயதான டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார். நின்றதும் வாப்பாவின் முகம் வெளுத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"படுத்திண்டிருக்கறச்சே ஜாஸ்திதான். நின்னா சட்டுனு எறங்கிடறது. தலைக்கு ரத்தம் போறலை. உடம்பு தானா பண்ண வேண்டிய காரியம் இது. அதைப் பாத்துக்கற நரம்பு கெட்டிருக்கு. மூத்திரம் அடங்காததும் அதனாலதான்."

"குடியில்லேல்லா, டாக்டர்?" உம்மா கேட்டாள்.

"யார் சொன்னா?"

வாப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த டாக்டர் சொன்னபடி உப்பைக் கூட்டினோம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்தோம். காலில் துணிப்பட்டை இறுக்கிச் சுற்றி, சற்று நேரம் உட்காரவைத்த பிறகே நிற்கவிட்டோம். விழுவது குறைந்தது. தொழுகையை வீட்டில் உட்கார்ந்தபடியே முடித்துக்கொண்டார்.

ஆனால் புத்தி தேறவில்லை. ஒருநாள் தெளிவாகப் பேசுவார், மறுநாள் உம்மாவிடமே, "நீங்க யாரு?" என்பார். விழுங்கவும் முடியாமல் போயிற்று. அடுத்த மழைக்காலத்தில் கஞ்சி புரையேறி, நெஞ்சில் சளி கட்டி மவுத்தாகிவிட்டார்.

பல வருஷம் கழித்து செம்பூரில் என் மாமனாருக்கும் இதே மாதிரி வந்தது. லூயி பாடி என்ற மறதி நோய் என்றார் டாக்டர். வாப்பாவுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று அன்று பட்டது. அதை உம்மாவிடம் சொல்லலாமென்றால், அவள் அப்போது உயிரோடு இல்லை.