அடுத்த வீட்டில் விளக்கு எரிகிறதா

பேர்கன் நகரத்தில் ஒரு தெருவுக்குச் சில நிமிடம் மின்சாரம் நின்றால், வீடு வீடாக மன்னிப்புக் கேட்டுக் குறுஞ்செய்தி போகும். மின்சார நிறுவனத்துக்காக அதை அனுப்பும் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. நோர்வேக்கு வந்த புதிதில் சிரிப்பை அடக்க முடியவில்லை. இலங்கையில் எங்கள் ஊர் நாவலப்பிட்டியில் மழை பிடித்தால் கரண்ட் போகும். உடனே யன்னலைத் திறந்து அடுத்த வீட்டைப் பார்ப்போம். அங்கேயும் இருட்டு என்றால் மனம் ஆறிவிடும். மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டுக் கதை பேசுவோம். நமக்கு மட்டும் போயிருந்தால்தான் கவலை.

எங்கள் நிறுவனம் கண்டியில் ஒரு சிறிய அலுவலகம் திறந்தபோது ரமேஷைச் சேர்க்கச் சொன்னவன் நான். கண்டி டியூஷன் வகுப்புக்கு என்னோடு ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவன். "நாம் தூங்கும் நேரப் பழுதுகளை அவர்கள் பார்க்கட்டும், பழக்கிவிடுங்கள்" என்றார் மேலாளர் லார்ஸ். மாதக்கணக்கில் பழக்கினேன். புயல் நேரத்தில் எதை முதலில் நிறுத்துவது என்பதுபோல, எங்கும் எழுதி வைக்காத நெளிவு சுளிவுகளையும் ரமேஷ் துருவித் துருவிக் கேட்டான்; சொல்லிக் கொடுத்தேன்.

"எதுக்குடா இவ்வளவு விபரமா கேக்குற?"

"சும்மா, தெரிஞ்சு வைக்கத்தான் மச்சான்."

பிறகு ஒருநாள் லார்ஸ் கோப்பி குடிக்க அழைத்தார். "உங்கள் வேலை முழுவதும் கண்டிக்குப் போகிறது. உங்கள் ஊருக்கு! மகிழ்ச்சிதானே?" அவர் உண்மையிலேயே நல்ல செய்தி என்றுதான் நினைத்தார். வெறுமனே தலையை ஆட்டினேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "ரமேஷ் சொல்லவில்லையா? அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமே."

நான் வேலை விசாவில் இருப்பவன்; வேறு வேலை கிடைக்காவிட்டால் இந்த நாட்டில் இருக்க முடியாது. மகள் இப்போது நோர்வேஜிய மொழியில்தான் கனவு காண்கிறாள். ரமேஷுக்கு அழைத்தேன்.

"சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்கடா. நான் என்ன செய்ய? நீ இங்க வந்துரு மச்சான், என் டீம்லயே ஒரு இடம் பார்ப்போம்."

அவனுடைய டீமாம்! கம்பெனி ஏமாற்றியது எனக்கு அவ்வளவு உறைக்கவில்லை. கம்பெனி என்றால் அப்படித்தான். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது, அதுவும் தெரியும். ஆனால் கூடவே இருந்து கழுத்தறுத்தானே, அதுதான் ஆறவில்லை.

போன வாரம் மாலையில் புயல். எங்கள் தெருவில் கரண்ட் போனது. கைபேசியில் செய்தி வந்தது: சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். வாசகம் நான் எழுதியது; இப்போது அனுப்புவது கண்டியிலிருந்து ரமேஷ். அவனிடமிருந்து எனக்கு வந்த ஒரே மன்னிப்பு அதுதான்.

பழக்கதோஷத்தில் யன்னலுக்குப் போனேன். தெரு முழுக்க இருட்டு. ஆனாலும் மனம் ஆறவில்லை. என் அடுத்த வீடு இந்தத் தெருவில் இல்லை. அது கண்டியில் இருக்கிறது, அங்கே விளக்கு எரிகிறது.