குடத்தோடு நடந்த நடை

என் அம்மாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்தபோது நான் ஏழாங்கிளாஸ். பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. ஒரு வாரம் லீவு என்று போட்டதுதான், அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாசலை நான் மிதிக்கவில்லை. நாலு வருஷம் அம்மா கட்டிலில் கிடந்தாள். இடது கை விரல்கள் மடங்கியே இருக்கும். கழுவிவிட ஒவ்வொன்றாகப் பிரிப்பேன். விட்டதும் மறுபடி மூடிக்கொள்ளும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு முப்பத்தெட்டு வயது. பிடரி வலிக்கிறது என்று டாக்டரம்மாவிடம் போனேன். பிரஷர் பார்த்தார். ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார். அந்த ஐந்து நிமிஷத்துக்குள் என் மனசு என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, ஆறாவது படிக்கும் என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, என் விரல்களைப் பிரிக்க உட்கார்த்திவிட்டது.

என்ன வேலை என்று கேட்டார். வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறேன், காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன் என்றேன். அம்மாவைப் பற்றியும் சொன்னேன்.

"அம்மாவுக்கு வந்தது உங்களுக்கும் வந்தே தீரணும்னு இல்ல. ஆனா இப்படியே உக்காந்திருந்தா ரத்தக்குழாய் விறைச்சுப் போகும். மாத்திரைய விடாதீங்க. தினமும் அரைமணி நேரம் நடங்க. நல்லா கைய வீசி நடங்க."

மாத்திரை சுலபமாக இருந்தது. நடப்பதுதான் முடியவில்லை. எங்கள் வீடு அடுப்படியிலிருந்து வாசல் வரை பதினாறு எட்டு. அதிலும் பாதித் தரையில் ஒட்டின பெட்டிகள் காயும். ஓரமாக ஒரு பாதம் வைக்கிற அகலத்தில் போய், திரும்பி, போய், திரும்பி, நாற்பதாவது தடவை தலை சுற்றிச் சுவரைப் பிடித்தேன். பெட்டி ஒரு வரிசை நசுங்கியது. அதுவே பிரஷரோ என்று அன்றைக்கு முழுக்கப் பயம்.

தெருவில் நடக்கலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும், "சும்மா கைய வீசிக்கிட்டுத் திரிஞ்சா நாலு பேரு என்ன பேசுவாவ?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பசுவந்தனை ரோட்டில் ரிட்டயர் ஆன வாத்தியார்கள் இரண்டு பேர் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு நடப்பார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. பொம்பளை என்றால் இடுப்பில் குடமோ பிள்ளையோ, கையில் பையோ இருக்க வேண்டும். வெறுங்கையோடு விடியற்காலையில் ஒருத்தி நடந்தால் வீட்டில் சண்டை, தண்டவாளத்தைப் பார்த்துப் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள். ஒரு நாள் துணிந்து நடந்துதான் பார்த்தேன். பால்காரர் ரயில்வே கேட் வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

அதனால் குடத்தை எடுத்தேன். கேட்டைத் தாண்டி ஓர் அடிபம்பு உண்டு. தண்ணீருக்குப் போகிறேன் என்றால் கேள்வி கிடையாது. ஐந்து மணி இருட்டில் கிளம்பி, மில் சுவரை ஒட்டி, கரிசல் காடு ஆரம்பிக்கிற இடம் வரை போய், ஆறு மணிக்குத் திரும்புவேன். அந்த நேரம்தான் எதிர்வீட்டு அண்ணாச்சி வத்தல் வாங்க விளாத்திகுளம் பஸ்ஸுக்குக் கிளம்புவார். என் இடுப்பில் வெறுங்குடத்தைப் பார்த்ததும் வீட்டுக்குள் திரும்பிப் போவார். உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார். மூன்றாம் நாள் அவர் சம்சாரம் வந்தாள். நான் அவளை மதினி என்று கூப்பிடுவேன்.

"கோவிச்சுக்கிடாத தாயி. அவிய கெளம்புத நேரத்துல வெறுங்குடத்தத் தூக்கிட்டு எதுக்க வாரியே."

பம்பில் வரிசையில் நின்றால் நடக்க முடியாது. அதனால் மறுநாள் வீட்டிலேயே குடத்தை நிரப்பிக்கொண்டு போனேன். நிறைகுடமாகப் போய் நிறைகுடமாக வந்தேன். பத்து நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்த காலம் அது. குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோக மனசு வராமல் பழைய தண்ணீரையே ஊற்றி, அதே தண்ணீரை வாரக்கணக்கில் சுமந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் சிரித்த முகமாகப் படி இறங்கினார். இப்போது ஒரு நாள்கூட நிறுத்த முடியாது என்று ஆகிப்போனது.

ஒரு நாள் ரயில்வே கேட்டில் திரும்பிப் பார்த்தேன். மதினியும் தெருப் பெண்கள் மூன்று பேரும் தூரத்தில் ஆளுக்கு இரண்டு குடத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். பம்பு நாலு நாளாக வறண்டு கிடந்ததை நான் யோசிக்கவே இல்லை. நான் மட்டும் தினமும் நிறைகுடத்தோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறார்கள். எங்கேயோ ரகசியமாக ஊற்று வைத்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

திரும்பினால் நிறைகுடத்தோடு அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். நடந்தேன். நின்றுவிடுவார்கள் என்று நினைத்தேன், நிற்கவில்லை. மில் சுவர் முடிந்தது, காடு வந்தது, வண்டித்தடத்திலும் நடந்தேன். பொழுது விடிந்துவிட்டது. இனி முடியாது என்று ஒரு பொழி வரப்பில் குடத்தை இறக்கினேன்.

மதினி மூச்சு வாங்க வந்தாள். "எங்கட்டி ஊத்து?"

ஊற்று இல்லை, டாக்டரம்மா நடக்கச் சொன்னார், அதுக்குத்தான் குடம் என்றேன். மதினி குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்ப இது வீட்டுத் தண்ணியா?"

"ஆமா மதினி."

"ஊரே தண்ணிக்கு அலையுது. இவ தண்ணியக் காத்தாடக் கூட்டிட்டு வந்திருக்கா."

ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, உலை வைக்கத் தண்ணீர் இல்லாமல் கிளம்பி வந்தவள், சிரிக்கவில்லை. என் குடத்திலிருந்து பாதியைத் தன் குடத்தில் சரித்துக்கொண்டாள். பழைய தண்ணீர் என்றேன். "பாத்திரம் கழுவலாம்" என்றாள். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

குடத்தைத் தூக்கக் குனிந்தபோது என் இடது கை விரல்கள் மடங்கவில்லை. மறுபடி மடக்கிப் பார்த்தேன். கை என்னுடையது போலவே இல்லை. அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத் தண்ணீரை அங்கனயே கொட்டிவிட்டு, வெறுங்குடத்தை வலது கையில் தொங்கவிட்டபடி நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். பூட்டின கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்து, மகளுக்கு அன்றைக்கு யார் தலை பின்னிவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா வருவதற்குள் விரல்கள் மடங்க ஆரம்பித்திருந்தன. பல்லைக் காட்டச் சொன்னார், இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். குடத்தைப் பார்த்துவிட்டு, "எந்த இடுப்புல வைப்பீங்க?" என்று கேட்டார். இடது என்றேன்.

"அவ்வளவு நேரம் கைய வளைச்சுப் பிடிச்சா மரத்துத்தான் போகும். இது வாதம் இல்ல." பிரஷர் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நடந்தது வீண் போகல. ஆனா குடத்த விட்டுட்டு நடங்க."

வீட்டுக்காரரும் பயந்துபோய், நானே கூட வாரேன் என்றார். பத்தடி முன்னால் நடப்பார். தெருமுக்கில் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள், டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். பெஞ்சு எல்லாம் ஆம்பளைகள். நான் எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பத்தடியில் அரைமணி நேரம் நின்றுவிட்டு அவரோடு திரும்புவேன். பத்து நாளில் பிடரி வலி திரும்ப வந்தது.

மறுபடி குடத்தை எடுத்தேன். இந்தத் தடவை வெறுங்குடம் என்று ஆகாத அளவுக்கு நாலு விரற்கடை தண்ணீர். விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் இடுப்பு மாற்றிக்கொள்வேன். தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். தெரிந்தும் குடம் இல்லாமல் போ என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அண்ணாச்சி மட்டும், "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிடலாம்லா" என்றார்.

நான் போகும்போதெல்லாம் டாக்டரம்மா கேட்பார், கையை வீசித்தானே நடக்கிறீர்கள் என்று. ஆமா என்பேன்.

மகள் பன்னிரண்டாவது முடிக்கும் வரை இந்த விரல்கள் மடங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். முடித்தாள். ரிசல்ட் வந்ததற்கு மறுநாளும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. இருட்டில் இடது கையை மடக்கிப் பார்த்தேன். ஐந்தும் மடங்கின. இனி அவள் காலேஜ் முடிக்கும் வரை என்று சொல்லிக்கொண்டு, குடத்தில் தண்ணீர் ஊற்றப் போனேன்.