பயணம் சொல்லப் போன இடத்தில் தப்பிய பயணம்

மான்செஸ்டரில் இருக்கும் தங்கச்சிக்கு முதல் பிள்ளை. அங்கே அவளுக்கு மாப்பிள்ளையைத் தவிர வேறு உறவில்லை. பிரசவ நேரத்தில் உம்மா பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. சென்ற வருடம் ஓகஸ்ட்டில் எனக்கும் உம்மாவுக்கும் இங்கிலாந்து விசா கிடைத்தது. வைத்தியர் சொன்ன நாளுக்கு ஒரு கிழமை முன்னதாகப் போய்ச் சேர்வது போல விமான ரிக்கெற் பார்த்தோம்.

விலை குறைந்த வழி ஓர் ஐரோப்பிய நகரத்தால் போனது. அங்கே நாலு மணித்தியாலம் இருந்து அடுத்த விமானத்தில் ஏற வேண்டும். புத்தளம் டவுனில் ரிக்கெற் போடுபவர், இடையில் இறங்கும் நாட்டுக்கு விசா தேவையா என்று பார்த்தீர்களா என்று கேட்டார். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மச்சான் ஒவ்வொரு முறையும் அந்த வழியால்தான் வருகிறார், ஒரு பிரச்சினையும் இல்லை என்று நான் பெரிய மனிசன் மாதிரிச் சொன்னேன். பாலாவி சந்தியில் கொழும்பு பஸ்ஸை விட்டுக் கற்பிட்டி பஸ் ஏறுவதற்கு யாராவது விசா கேட்கிறார்களா? என் அறிவு அவ்வளவுதான். மறுநாள் பின்னேரம் ஐந்து மணிக்குள் காசு கட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மறுநாள் காலையில், பயணம் சொல்லாமல் போகக்கூடாது என்று உம்மா பிடிவாதமாக நின்றார். தூரப் பயணம் போவதென்றால் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சொல்லி, பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். ஆயிரம் வேலை கிடக்கும்போது இது ஒரு கேடா என்று எனக்கு எரிச்சல். போனில் சொன்னால் என்ன என்று கேட்டேன். உம்மா செருப்பைப் போட்டார்.

எங்கள் ஊர் தில்லையடியிலிருந்து மாமா இருக்கும் கண்டக்குழி ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. மாமா வீட்டு வாசலில் வலைகள் காய்ந்தன, பக்கத்து லொட்ஜில் தங்கிய வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டி, பலகையில் நின்று கடலில் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் மகன், அதாவது நான் சாட்சிக்கு இழுத்த அதே மச்சான், லீவில் வந்திருந்தார்.

வழியைச் சொன்னதும் மச்சானுக்குச் சந்தோசம். அந்த எயார்போட்டில் எங்கே நல்ல கோப்பி கிடைக்கும் என்பது வரை சொன்னார். உம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"உங்கட பாஸ்போட்டும் எங்கட மாதிரித்தானே மகன்?" என்று மச்சானைக் கேட்டார்.

மச்சான் சிரித்துக்கொண்டே போய் அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து வந்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். அது இலங்கைப் பாஸ்போட்டே இல்லை. அவர் தான் இருக்கும் நாட்டிலேயே குடியுரிமை எடுத்து எத்தனையோ வருடமாகிவிட்டது, எங்களுக்குத்தான் அவர் இன்னும் கண்டக்குழிக்காரர்.

"நான் அத யோசிக்கவே இல்ல மச்சான்," என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. கடற்கரைக்கு ஓடி, நாங்கள் இடையில் இறங்கும் நாட்டுத் தூதரகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். எயார்போட்டுக்குள்ளேயே இருந்து விமானம் மாறுவதற்கும் விசா எடுக்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருந்தது. இங்கிலாந்து விசா கையில் இருந்தாலும் விலக்கு இல்லை. அந்த விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க எங்களிடம் நாளும் இல்லை.

"அப்ப போக ஏலாதா?" என்று உம்மா கேட்ட குரல் இன்னும் காதில் நிற்கிறது. நான் பயந்துபோனேன்.

ரிக்கெற்காரருக்கு அங்கிருந்தே போன் எடுத்தேன். நல்ல காலம், காசு கட்டவில்லை. கட்டார் வழியாக இரண்டு இருக்கை இருந்தது. ஆளுக்கு இருபத்தெட்டாயிரம் ரூபாய் கூட. அதோடு, வைத்தியர் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்புதான் போய்ச் சேரலாம். இந்தமுறை விமான நிறுவனத்தையே கேட்டேன்: ஒரே ரிக்கெற், பெட்டி நேரே மான்செஸ்டருக்கு, எயார்போட்டை விட்டு வெளியே வராவிட்டால் விசா வேண்டாம். ஓம் என்றார்கள். அதன் பிறகே போடச் சொன்னேன்.

புத்தளத்திலிருந்து கட்டுநாயக்க எயார்போட்டுக்கு வேனில் மூன்று மணித்தியாலம், பதினெட்டாயிரம் ரூபாய். பெட்டியில் ஒட்டிய துண்டில் கடைசி ஊரின் பெயர் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். கட்டாரில் இறங்கி வெளியே போகிறவர்கள் போன பக்கம் உம்மாவும் நடக்கப் பார்த்தார். கையைப் பிடித்து, விமானம் மாறுபவர்களுக்கான பலகைகள் காட்டிய வழியிலேயே கூட்டிப் போனேன்.

இலங்கைப் பாஸ்போட்டோடு போகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். போய்வந்தவரிடம் வழி கேளுங்கள், ஆனால் அவர் எந்த நாட்டுப் பாஸ்போட்டில் போனார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ரிக்கெற் இரண்டாகப் பிரிந்திருந்தால் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கும், அப்போது சட்டமே வேறு. விதிகள் அடிக்கடி மாறும். நான் எழுதியதையும் நம்பாமல், காசு கட்டும் முன் தூதரகத்தின் பக்கத்தையும் விமான நிறுவனத்தையும் நீங்களே கேட்டுவிடுங்கள்.

நாங்கள் போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே தங்கச்சிக்கு வலி வந்துவிட்டது. பழைய ரிக்கெற்றை நம்பியிருந்தால் கட்டுநாயக்கவில் திருப்பி அனுப்பப்பட்டு, தில்லையடி வீட்டில் போனைக் காதில் வைத்துக்கொண்டு உம்மா அழுதுகொண்டிருந்திருப்பார். ஆனால் அன்று அவர் பிரசவ அறைக்குள் இருந்தார். மகளின் கை அவர் கைக்குள் இருந்தது.