ரப்பர் வாத்தின் விசில்

பிள்ளைகளால் பொம்மைகளுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்பதில் எங்கள் வீட்டார் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். மாமனார் அருப்புக்கோட்டையில் ஃபேன்சி கடை வைத்திருந்தார். வளையல், ரிப்பன், சோப்பு டப்பா, மேலே கயிற்றில் தொங்கும் ரப்பர் வாத்துகள். வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி ஷோகேஸ். அதன் சாவி மாமனாரின் அரைஞாண் கயிற்றில் கிடக்கும். நகைப் பெட்டிக்குக்கூட அத்தனை காவல் கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகளுக்குக் காது குத்தினோம். ஒரு வயது தாண்டியிருந்தாள். காரியாபட்டியிலிருந்து என் அண்ணன் தாய்மாமன் சீரோடு வந்தான். பழம், பட்டுப்பாவாடையோடு ஒரு தாம்பாளத்தில் மதுரையில் வாங்கிய துணிக் கரடி. கண்ணைக்கூட நூலால்தான் தைத்திருந்தார்கள். எந்தக் குழந்தையையும் எதுவும் செய்யாத சாது. சும்மா விடுவார்களா? பாலிதீன் உறையைப் பிரிக்காமல் ஷோகேஸில் வைத்துப் பூட்டினார் மாமனார்.

"சீர் சாமானு தாயி. நாளைக்கு உங்க அண்ணன் வந்தா அப்படியே இருக்கணும்ல?"

மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வீறிட்டாள். மாமனாருக்குப் பேத்தி மேல் உயிர். அழுகை பொறுக்காமல் கடைக்குப் போய் ஒரு வாத்தை எடுத்து வந்தார். அடிவயிறு கிழிந்து, விசில் பாதி வெளியே துருத்தி நின்றதால் விலைபோகாத வாத்து. கடைக்காரக் குடும்பங்களில் இதுதான் சட்டம். நல்ல சரக்கெல்லாம் வாங்க வருகிறவர்களுக்கு, சொத்தையெல்லாம் வீட்டுக்கு.

"மாமா, அந்த விசிலு வெளிய வந்துருக்கு. வாயில போட்டுருவா" என்றேன்.

"எம்புட்டு வித்துருக்கேன். எவளாவது வந்து கேட்டுருக்காளா?"

யாரும் வந்து கேட்கவில்லையாம், அதனால் ஆபத்தே இல்லையாம். நான் வாத்தைப் பிடுங்கினேன். மகள் அழுதாள். அவர் மறுபடி எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டுக்காரம்மா வந்து உட்கார்ந்திருந்தார். கூடத்தில் விசில் சத்தம் கேட்டது. "பச்சப்புள்ள என்னமா விசிலடிக்குது!" என்று அந்தம்மா கை தட்ட, மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "இன்னொருக்கா அடி தாயி" என்றார். அடித்தாள். மூச்சை இழுத்தால் ஒரு விசில், விட்டால் ஒரு விசில். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாத்து தரையில் கிடந்தது. மகளின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஓடிப்போய் அவளைத் தொடையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் ஓங்கித் தட்டினேன். விசில் சத்தமும் நின்றுபோனது. பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன். இன்னும் ஓங்கித் தட்டினேன். எச்சிலோடு அந்தச் சின்ன விசில் தரையில் தெறித்தது. அதன் பிறகுதான் அழுதாள். அழட்டும் என்று நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.

மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர் வீட்டுக்காரம்மா தலை மறைந்ததும் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எல்லாம் அவுக கண்ணுதான். சொல்லி வாய மூடல, புள்ளைக்கு மூச்சு நின்னுருச்சு. உப்பு மொளகா எடுத்துச் சுத்திப் போடும்மா."

வந்த ஆத்திரத்தில் உப்பு, மிளகாய், தெருமண்ணோடு வாத்தையும் விசிலையும் சேர்த்து எடுத்தேன். "இதையும்தான மாமா அவுக பாத்தாக?" என்றேன். மகளை மூன்று சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். ரப்பர் கருகிய நாற்றத்தில் மிளகாய் நெடி அமுங்கிப்போனது. மாமனார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாத்தியா, நெடியே வரல. எம்புட்டுக் கண்ணு!" என்றார்.

மறுநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பந்தல்குடி பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதென்று வந்த ஒரு பெண், தோளில் தூங்கும் பிள்ளைக்காக வாத்து ஒன்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத வாங்காதீக. நேத்து அந்த விசிலு தொண்டையில போயி எம்புள்ள செத்துப் பொழச்சா" என்றேன்.

அந்தப் பெண் பதறி மாமனாரைப் பார்த்தார். மாமனார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது வேற வாத்தும்மா. இது மேல யாரு கண்ணும் படல."

அந்தப் பெண் நிம்மதியாக வாங்கிக்கொண்டு போனார்.