ஊதா வளையம்

முதல் உள்தேர்வில் கார்பனுக்கு ஐந்து பிணைப்புகள் வரைந்து வைத்தேன். நான்குதான் என்று எனக்குத் தெரியும். பயத்தில் கை ஒரு கோடு கூடுதலாக இழுத்துவிட்டது. மருத்துவ ஆய்வகப் படிப்பின் முதல் வருடம் அது. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள் நான். ஆல்டிஹைடும் கீட்டோனும் என் காதில் ஒன்றுபோலவே விழுந்தன. தலத்தெருவிலிருந்து பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும்போது உள்ளங்கையில் விரலால் பென்சீன் வளையம் போட்டுப் பார்ப்பேன், இறங்குவதற்குள் மறந்திருக்கும். துபாயிலிருந்து வாப்பா போனில் படிப்பைப் பற்றிக் கேட்டால், நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டு உம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன்.

கீட்டோன் மட்டும் மூக்கு வழியாக மனதில் நின்றது. வேதியியல் மேடம் கீட்டோன் வகையைச் சேர்ந்த அசிட்டோன் பாட்டிலின் மூடியைத் திறந்து ஒவ்வொருவரிடமும் நீட்டினார். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாசனை. சில வாரங்கள் கழித்து உயிர்வேதியியல் பாடத்தில் அது மறுபடி வந்தது. சர்க்கரையைப் பயன்படுத்த முடியாதபோது உடம்பு கொழுப்பை எரிக்கும், அப்போது கீட்டோன்கள் உண்டாகும், சர்க்கரை நோயாளிக்கு அவை அளவு மீறினால் ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து என்று எழுதிக்கொண்டேன்.

அப்போது நோம்பு மாதம். உம்மாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. தினமும் இன்சுலின் ஊசி உண்டு. ஒரு நாள் சாயங்காலம் நோம்புக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்பது நினைவில் இல்லை. அவர் மூச்சில் அந்த வாசனை இருந்தது.

ஓடிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். பட்டினி இருக்கும் யாருக்கும் கொஞ்சம் கீட்டோன் உண்டாகும் என்றும் அதிலேயே போட்டிருந்தது. அப்படியென்றால் இது வெறும் நோம்பு வாசனையாகவும் இருக்கலாம். ஆனால் அன்று விடியலில் சாப்பிட்டதை உம்மா வாந்தி எடுத்திருந்தார். வெயில் என்றார். நோம்பு திறந்த பிறகு செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். யாரிடம் சொல்வது? உள்தேர்வில் தோற்றவள் நோய் கண்டுபிடித்தேன் என்றால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஆய்வகத்தில் சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் செய்முறை. வீட்டிலிருந்து மாதிரி கொண்டுவரச் சொன்னார்கள் என்று பொய் சொல்லி உம்மாவிடம் ஒரு குப்பியில் வாங்கிக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்க என்னுடையதையும் எடுத்துக்கொண்டேன், நானும் நோம்புதானே. இரண்டிலும் அம்மோனியம் சல்பேட் உப்பைக் கரைத்து, நைட்ரோபுரூசைடு போட்டு, சோதனைக் குழாயின் ஓரமாக அம்மோனியாவை மெல்ல இறக்கினேன். என் குழாயில் நூல் மாதிரி வெளிறிய ஒரு வளையம். உம்மாவுடையதில் அம்மோனியா தொட்டவுடனே கருஊதாவாக ஒரு வளையம் எழுந்து தடித்தது. இரண்டு குழாய்களையும் தாங்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

மேடம் பார்த்துவிட்டார். "இது யாரோடது?"

"எங்க உம்மாவோடது மேடம். சர்க்கரை இருக்கு."

அவரே சர்க்கரைக்கான சோதனையையும் செய்தார். நீலக் கரைசல் செங்கல் நிறத்துக்குப் போனது, சர்க்கரை மிக அதிகம். ஊசி ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார். போடுகிறார் என்றுதான் நினைக்கிறேன் என்றேன்.

"நெனச்சுக்கிட்டு நிக்காத. இப்பவே போயி ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போ."

பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஆட்டோவில் வரும்போது உம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால், பாயில் சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துக் கிடந்தார். மூச்சு வேகமாக இருந்தது. அழைத்ததும் கண் திறந்தார்; ஆஸ்பத்திரி என்றதும் தலையை ஆட்டி மறுத்தார்.

"மகுரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரந்தானே. நோம்பத் தொறந்துட்டுப் போவோம்மா."

"அதுவரைக்கும் தாங்காது உம்மா. எனக்குப் பயமா இருக்கு."

பயம் என்று அவரிடம் நான் எதற்கும் சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து புர்காவைக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. "ஊசி போட்டா நோம்பு முறிஞ்சிடும்னு நெனச்சேங்க. மொத நோம்புலேர்ந்து போடல." டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொட்டு சொட்டாக இறங்கும் மருந்தைப் பார்த்தபடி இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் பிந்தியிருந்தால் என்ற கணக்கை மனம் விடாமல் போட்டுக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் வீடு திரும்பினோம். நோம்பு போனதில் உம்மாவுக்கு என்மேல் வருத்தம். ஒரு வாரம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அந்த செமஸ்டரில் உயிர்வேதியியலில் தட்டுத் தடுமாறித் தேறினேன்.

அடுத்த வருடம் நோம்புப் பிறை தெரிவதற்கு முன்பே, டாக்டரிடம் கேட்டுவிட்டு வருவோம் என்று அவரே கிளம்பினார். நோம்பு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார் டாக்டர். உம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அந்த மாதம் முழுவதும் மதியச் சோற்றை அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார்.